வாசலில் எங்கே என்று கேட்டவள்

அறுபதைத் தாண்டியவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது வெளியூர் கிளம்பும்போது, வாசலில் நின்று "எங்கே போறீங்க?" என்று கேட்டதுண்டா? கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்டிருந்தால் மண்டையில் குட்டு விழுந்திருக்கும். "தூரமா?" என்றுதான் கேட்க வேண்டும். போகிறவரும் "ஆமா, இங்ஙனதான்" என்று பிடி கொடுக்காமல் ஒரு பதில் சொல்வார். அத்தோடு விட்டுவிட வேண்டும். மீறி யாராவது எங்கே என்று கேட்டுவிட்டால் போகிற காரியம் விளங்காது. கிளம்பியவர் வீட்டுக்குள் திரும்பி வந்து, உட்கார்ந்து, வீட்டு ஆள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மறுபடி படி இறங்கவேண்டும். இப்போது உள்ள பிள்ளைகள் செல்போனில் எங்கே இருக்கிறாய், எங்கே போகிறாய் என்று ஓயாமல் கேட்டுக்கொள்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் கேட்டேன். பன்னிரண்டு வயதில், சேத்தூர் வீட்டு வாசலில் நின்று, அதுவும் இங்கிலீஷில் கேட்டேன். அன்றிலிருந்து எங்கள் சொந்தக்காரர்களுக்கு நான் 'எங்கே என்று கேட்டவள்'. கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது ஆரம்பிப்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். கூடச் சேர்ந்து நானும் சிரித்துத் தொலைத்திருக்கிறேன். இனிமேல் சிரிப்பதாக இல்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா பட்டாளத்தில். வருடத்துக்கு ஒருமுறை டிரங்குப் பெட்டியோடு வருவார், விடுப்பு முடிந்ததும் போய்விடுவார். வீட்டு நிர்வாகம் பெரியப்பாவிடம். அவரும் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். மீசையும் அதட்டலும் அங்கே கிடைத்தவை. பெரியம்மா காலமாகிவிட்டதால் அடுப்படி மொத்தமும் அம்மா தலையில். இன்னொருவர் சித்தப்பா. பத்தொன்பது, இருபது வயது இருக்கும். நல்ல உயரம். பள்ளி இறுதித் தேர்வில் தவறியவர். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் ஒருத்தன் பட்டாளத்துக்கும் ஒருத்தன் போலீசுக்கும் போகவில்லை என்றால் அந்த வீட்டுக்கு மரியாதை கிடையாது. பட்டாளத்துக்கு இரண்டு பேர் போயாயிற்று. ஆகவே சித்தப்பா போலீஸ் என்று பெரியப்பா எப்போதோ முடிவு கட்டிவிட்டார். சித்தப்பாவிடம் யாரும் கேட்கவில்லை.

நான் ராஜபாளையத்தில் ஏழாம் வகுப்பு. தினமும் பஸ்ஸில் போய் வருவேன். பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம் அது. பஞ்சு மார்க்கெட் பக்கம் வண்டிகளில் பஞ்சுப் பொதி வந்து இறங்கும். காற்றில் பறக்கிற பஞ்சுத் தூசி எண்ணெய் தடவிய தலையில் ஒட்டிக்கொள்ளும். வகுப்புக்குள் நுழைகிறபோது எல்லாப் பெண்களின் தலையிலும் நரை இருக்கும். மில் சங்கு ஊதுவதும் பள்ளிக்கூட மணி அடிப்பதும் ஒன்றாகக் கேட்கும்.

இங்கிலீஷ் டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பஸ்ஸில் வருவார். கல்யாணம் ஆகாதவர். ஒல்லியான உடம்பு, வெளுத்த கைத்தறிச் சேலை, மூங்கில் பிடி வைத்த கறுப்புக் குடை. எங்கள் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க அம்புக்குறிகள். பெட்டிக்குள் போகிற பந்து, பெட்டிக்கு மேலே தாண்டுகிற பந்து, பெட்டியைச் சுற்றுகிற பந்து. இன்டு, ஓவர், ரவுண்டு. முந்தின வருடம் வேறொருவர் அந்தப் பக்கத்தைப் பிரம்பால் நடத்திவிட்டுப் போயிருந்தார், எங்களுக்கு ஒன்றும் ஏறவில்லை.

இந்த டீச்சர் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டார். "எல்லாரும் எந்திரிங்க. ஒக்காந்துக்கிட்டு நடக்கிறதப் பத்திப் படிச்சா எப்படி வரும்?" என்றார். ஒருத்தி வகுப்பைவிட்டு வெளியே வருவாள்: அவுட் ஆஃப். ஒருத்தி மைதானத்தின் குறுக்கே ஓடுவாள்: அக்ராஸ். ஒருத்தி சுவர் ஓரமாகவே நடப்பாள்: அலாங். வேப்பமரத்தைச் சுற்றுவாள் ஒருத்தி. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போவாள் இன்னொருத்தி: பாஸ்ட். நடக்க நடக்கச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

"போனான்னு மட்டும் சொன்னா இங்கிலீஷ்காரனுக்குப் பத்தாதும்மா. உள்ள போனானா, குறுக்க போனானா, ஓரமாப் போனானான்னு கேப்பான். மதுரைக்கே போய்ச் சேந்தா டு. மதுரை இருக்கிற தெசையப் பாத்துப் போனா டுவர்ட்ஸ். போய்ச் சேந்தானா இல்லையான்னு அதுல கெடையாது" என்பார்.

பஸ்ஸில் ஏறினால் ஆன், இறங்கினால் ஆஃப், காருக்குத்தான் இன்டு என்று ஒருநாள் சொன்னார். பின்பெஞ்சில் இருந்து ஒருத்தி, "டீச்சர், ஜன்னல் வழியா துண்டப் போட்டு எடம் புடிக்காங்களே, அதுக்கு?" என்று கேட்டாள். "துண்டு போறது த்ரூ. ஆனா நீ அப்படிப் போயிராத, பாவாட கிழிஞ்சிரும்" என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. ஒரு டீச்சர் எங்களோடு சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுப்பாடமும் அப்படித்தான். சாயங்காலம் வாசலில் நின்று, தெருவில் போகிறவர்களைப் பற்றி இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஆடு படியேறுகிறது. பாய் கடைக்குள் போகிறார். ஒரு பாட்டி கண்மாய்க்கரை ஓரமாக வருகிறாள். அதோடு யாரையாவது "வேர் ஆர் யூ கோயிங்?" என்று கேட்டுப் பதில் வாங்கிவர வேண்டும். சேத்தூர்த் தெருவில் எனக்கு யார் இங்கிலீஷில் பதில் சொல்வார்கள்? சித்தப்பாதான் சொன்னார். தினமும் ஓட்டப் பயிற்சிக்குக் கிளம்பும்போது நான் மறித்துக்கொண்டு கேட்பேன். "ஐ ஆம் கோயிங் டு த தோப்பு" என்பார். "அக்ராஸ் த ஓடை" என்பார். திரும்பி வரும்போது மடியில் சப்பட்டை மாங்காய் இருக்கும். "அவுட் ஆஃப் த தோப்பு, இன்டு த மடி" என்று அதை எடுத்துக் கொடுப்பார். அவ்வளவு பிரியமான மனுஷன். இதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லையென்றால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. பிரியம் இல்லாதவர் செய்திருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை டீச்சர் என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துப் போனார். அங்கே பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஹாஸ்டலோடு சேர்ந்த இடம். கிராமத்துப் பிள்ளைகளில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவர்களை எட்டாம் வகுப்புக்கு எடுத்துக்கொள்வார்கள், பதினொன்றாவது வரை படிக்கலாம். சேத்தூரில் எட்டோடு சரி. ராஜபாளையத்துக்கு என்னைத் தொடர்ந்து அனுப்புவதா என்பதே வருடா வருடம் பஞ்சாயத்து. பெண்பிள்ளை பெரியவளாகிவிட்டால் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். எனக்கு இருந்த ஒரே வழி அந்த ஹாஸ்டல்தான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, "பாக்கிறத எல்லாம் சொல்லிக்கிட்டே வா" என்றார் டீச்சர். ஊரைவிட்டு வெளியே போகிறோம். மில்லைத் தாண்டுகிறோம். மலை கூடவே வருகிறது. மடவார்வளாகத்தைக் கடந்து ஊருக்குள் நுழைகிறோம். கோபுரத்தை நோக்கிப் போகிறோம். பக்கத்து சீட்டுக்காரர் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்தார். அந்தப் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, எப்படி வந்தாய் என்று. நான் சேத்தூர் வாசற்படியில் தொடங்கி அவர் மேஜை வரைக்கும் ஒரு இடம் விடாமல் வந்து சேர்ந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஜூன்ல பெட்டியோட வந்துரு" என்றார்.

பெரியப்பா தலையசைத்தார். "சரி, போகட்டும். அவ அப்பனுக்கும் எழுதிப் போட்ருதேன்" என்றார். அப்பாவிடமிருந்து, அண்ணன் சொன்னால் சரி என்று பதில் வந்தது. அம்மா எனக்கு இரண்டு பாவாடை தைக்கத் துணி எடுத்துவைத்தாள். எல்லாம் கூடிவந்த காலம் அது.

அதற்குள் சித்தப்பாவுக்கு மதுரையில் போலீஸ் ஆள் எடுப்பு வந்தது. வியாழக்கிழமை விடிந்ததும் மைதானத்தில் நிற்கவேண்டும். புதன்கிழமை கிளம்பினால்தான் சரியாக இருக்கும். ஆனால் புதன்கிழமை வடக்கே சூலம். சேத்தூரிலிருந்து மதுரை வடக்கே. காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு பெரியப்பா ஒரு யுத்தத்துக்குத் திட்டம் போட்டார். சூலத்துக்குப் பரிகாரம் பால் குடிப்பது. அது போதாதென்று பரஸ்தானம் வேறு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நல்ல நேரத்தில் ஆள் கிளம்ப முடியாவிட்டால், அவருடைய சாமானை மட்டும் அந்த நேரத்தில் வெளியேற்றி, போகிற திசையில் வேறொரு இடத்தில் வைத்துவிட வேண்டும். ஆளே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. செவ்வாய்க்கும் அதே சூலம் என்பதால் திங்கட்கிழமையே சித்தப்பாவின் பை நல்ல நேரத்தில் கிளம்பி, வடக்குத் தெரு முனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த பாய் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பையில் சித்தப்பாவின் கான்வாஸ் ஷூ இருந்தது. அதற்கு வெள்ளை அடித்தவள் நான். சாக்பீஸை நுணுக்கித் தண்ணீரில் குழைத்து, துணியால் தொட்டுத் தொட்டுப் பூசி, நிழலில் காயவைத்தேன். பழைய பேப்பரில் சுற்றி, நனைத்த வாழைநாரால் கட்டினேன். பூக்கட்டுகிற முடிச்சு. காய்ந்தால் இறுகிக்கொள்ளும், கத்தரித்தால்தான் பிரியும். "ஜெயிச்சுட்டு வந்து நானே அவுக்கேன்" என்றார் சித்தப்பா.

"ஓடுறதுக்கு அவுக்கணும்லா சித்தப்பா?" என்றேன்.

"ஆமால்லா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு சரியில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

புதன்கிழமை காலை. பூஜை முடிந்து பால் குடித்தாயிற்று. தெருவில் குறுக்கே யாரும் வந்துவிடாமல் ஒரு ஆளை நிறுத்தி வைத்திருந்தார் பெரியப்பா. சித்தப்பா நெற்றியில் திருநீறோடு வந்து, வலது காலை வாசற்படிக்கு வெளியே வைத்தார். நான் படிக்குக் கீழே நின்றேன். அந்த இடத்தில், அந்த மனுஷனைப் பார்த்தால் என் வாயில் வேறென்ன வரும்? பழக்கம்.

"வேர் ஆர் யூ கோயிங்?"

சித்தப்பாவும் பழக்கத்தில், "டு மதுரை!" என்றார்.

பெரியப்பாவின் கை என் கன்னத்தில் இறங்கிய பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கே உறைத்தது. பட்டாளத்தில் காவலுக்கு நின்றவர், அவருக்கு அந்த இங்கிலீஷ் தெரியாமலா இருக்கும்? "சனியனே! பொறப்படுத நேரத்துல எங்கன்னா கேக்க?"

அம்மா ஓடிவந்து என்னை முந்தானையில் மறைத்தாள். "அத்தான், இங்கிலீஷ்லதான கேட்டா. அது பலிக்குமா?"

"சகுனத்துக்குப் பாஷ ஏது?"

"பைதான் முந்தாநாளே பொறப்பட்டுப் போச்சே அத்தான். பயணம் தொடங்குன பொறவு கேட்டா தோசம் இல்லன்னு சொல்லுவாக."

"பையா ஓடுது ஓட்டம்? ஓடப்போறது அவன்லா!"

யோசித்துப் பாருங்கள். ஒரு சிறுபிள்ளையின் கன்னம் வீங்கிக்கொண்டிருக்கிறது. பெரியவர்கள் சகுனத்துக்கு இங்கிலீஷ் புரியுமா என்று வழக்காடுகிறார்கள். சித்தப்பாவை உள்ளே கூப்பிட்டு, உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து மறுபடி அனுப்பினார்கள். முதல் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்குப் போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நொண்டிக்கொண்டு வந்தார். ஓட்டத்தில் கடைசிச் சுற்றில் கால் பிசகி விழுந்துவிட்டாராம். எல்லாரையும் முந்திக்கொண்டு வந்தாராம். "அந்த எடத்துல காலு என்னமோ தட்டிவிட்ட மாதிரி இருந்துச்சுண்ணே" என்றார். பெரியப்பா என்னைப் பார்த்தார். தட்டிவிட்டது நான்தான் என்று ஆகிவிட்டது. அக்கம்பக்கத்தார் வந்தார்கள். "பிள்ளைக்கு நாக்குல சனி" என்றாள் ஒருத்தி. சித்தப்பாவின் காலுக்குப் பத்துப் போட்டார்கள். எந்தக் கால் என்பதில் அவருக்கே செத்த நேரம் குழப்பம் இருந்தது.

நான் பையைத் திறந்தேன். அழுக்குத் துணிகளை எடுத்துப் போடுவது என் வேலை. அடியில் பேப்பர்ப் பொட்டலம் இருந்தது. வாழைநார் காய்ந்து இறுகியிருந்தது. என் முடிச்சு. யாரும் கத்தரிக்கவில்லை, யாரும் தொடவில்லை.

பொட்டலத்தோடு முற்றத்துக்கு வந்தேன். "சித்தப்பா, இத அவுக்கவே இல்லையே" என்றேன். சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டேன்.

சித்தப்பா முகம் வெளுத்தது. பெரியப்பா குளிக்கப் போயிருந்தார். அம்மா வேகமாக வந்து பொட்டலத்தைப் பிடுங்கினாள். முடிச்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள். அரிவாள்மணையில் நாரை வைத்து ஒரே அறுப்பு. வெள்ளை வெளேர் என்று இருந்த ஷூவை எடுத்துத் துவைகல்லுக்குப் பக்கத்துச் சேற்றில் இரண்டு பக்கமும் புரட்டினாள். பிறகு என் கையில் கொடுத்து, "கழுவி வை" என்றாள்.

"ஏம்மா?"

"கழுவுட்டின்னா கழுவு. வாயத் தொறந்த, தொலைச்சுப் போடுவேன்."

கழுவினேன். அழுதுகொண்டே கழுவினேன். நான் அடித்த வெள்ளை என் கையாலேயே கரைந்து சாக்கடையில் போயிற்று. அம்மாவை இப்போது நினைத்தால் கொஞ்சம் புரிகிறது. புருஷன் எங்கோ எல்லையில், இவள் மூத்தாரான பெரியப்பா போடுகிற சோற்றில். அண்ணன் தம்பி சண்டை வந்தால் முதலில் தெருவுக்கு வருவது இவள்தான். புரிகிறது. ஆனால் மன்னிக்க முடியவில்லை. புரிந்தால் மன்னித்துவிட வேண்டும் என்று யார் சொன்னது?

மறுநாள் காலை பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். "இங்கிலீசு படிச்சது போதும். ஸ்ரீவில்லிபுத்தூரும் வேண்டாம், ராஜபாளையமும் வேண்டாம். உள்ளூர்ல எட்டு முடிக்கட்டும், பொறவு வீட்ல கெடக்கட்டும்." எடுத்து வைத்திருந்த பாவாடைத் துணி வேறு யாருக்கோ போயிற்று.

நான் பள்ளிக்கு வரவில்லை என்று டீச்சர் தேடி வந்தார். ஒரு சாயங்காலம், குடையை மடக்கி வாசல் மூலையில் சாத்திவிட்டு, பெரியப்பா காட்டிய நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மெதுவாகத்தான் பேசினார். நான் நன்றாக வருவேன் என்றார். இந்த இடம் போனால் மறுபடி கிடைக்காது என்றார். பெரியப்பா சகுனக் கதையைச் சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டே வந்தார், பிறகு குழம்பிப்போய்ச் சொன்னார்:

"வியாழக்கெழம காலையிலயா ஓட்டம்? அன்னைக்குக் காலையில நான் பஸ்ஸுக்கு வாரப்ப உங்க தம்பி எங்க ஊர்த் தேரடியில ஒக்காந்திருந்தாரே. பக்கத்துல பை இருந்துச்சு. அந்தச் சனிக்கெழம நான் இவள வீட்ல கொண்டாந்து விட்டப்ப பாத்திருக்கேன்ல, அதான் அடையாளம் தெரிஞ்சது. நான் பாத்ததும் முகத்தத் திருப்பிக்கிட்டாரு."

சித்தப்பா தூணில் சாய்ந்து நின்றார். முடிந்தது, எல்லாம் வெளுத்துவிட்டது, ஜூனில் பெட்டியோடு போகலாம் என்று நினைத்தேன். டீச்சர் சொல்லித்தந்த டுவர்ட்ஸ்கூட ஞாபகம் வந்தது. மதுரையைப் பார்த்துக் கிளம்பிய மனுஷன் மதுரைக்குப் போகவே இல்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆமாண்ணே என்று தலையை ஆட்டினாலே போதும்.

பெரியப்பா தம்பியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. டீச்சரைத்தான் பார்த்தார். "ஏம்மா, வயசுப் பய எங்க ஒக்காந்திருக்கான், என்ன பையி வச்சிருக்கான்னு நோட்டம் பாக்கதுதான் டீச்சர் உத்தியோகமா? கல்யாணம் ஆகாத பொம்பளைக்கு அடுத்த வீட்டு ஆம்பள மேல என்ன கண்ணு?"

டீச்சர் எழுந்தார். சித்தப்பாவை ஒரு தடவை பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். அதற்குப் பிறகு வரவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

பதற்றத்தில் குடையை மறந்துவிட்டார். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று நான் அழுதும் விடவில்லை. அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டுதான் பெரியப்பா பல கோடை வயலுக்குப் போனார். அந்த மூங்கில் பிடியில் டீச்சரின் கை பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்த இடத்தில் அவர் கை. பெரியப்பா மனதில் தம்பி பொய் சொல்கிறான் என்று தெரிந்திருக்கும். பட்டாளத்தில் எத்தனை நொண்டிச் சாக்குகளைப் பார்த்தவர்! தெரிந்தேதான் அந்தப் பெண்ணின் மேல் சேற்றை அடித்தார். தம்பியின் மானத்துக்கு ஒரு டீச்சரும் ஒரு சிறுபிள்ளையும் போனால் போகட்டும் என்று விட்டார்.

சித்தப்பாவை ஒரு மில்லில் சேர்த்துவிட்டார்கள். மேஸ்திரியாகி, வீடு கட்டி, பேரன் பேத்தி எடுத்தார். நான் எட்டு முடித்து, தையல் பழகி, ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டு, இந்த வயதுவரை நைட்டி தைத்துக்கொண்டிருக்கிறேன். படித்தது எல்லாம் கிளை நூலகத்தில் படித்ததுதான். தையல் கேவலம் என்று சொல்லவில்லை. கேட்டு வாங்கிய வேலையில்லை என்று சொல்கிறேன்.

போன மாதம் சித்தப்பா வந்தார். எழுபது தாண்டியும் ஆள் நிமிர்ந்துதான் இருக்கிறார். ஆட்டோவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். பேத்தி மேல்படிப்புக்கு ஆஸ்திரேலியா போகிறாளாம். நாளைக்குப் பயணம், வழியனுப்ப வரவேண்டும் என்றார்.

"அவ இங்கிலீஷ் பேசுறதக் கேக்கணுமே நீ! வெள்ளக்காரன் தோத்தான்" என்றார். பிறகு கண்ணைச் சிமிட்டி, "வா, ஆனா அன்னிக்கு மாதிரி வாசல்ல நின்னு எங்க போறன்னு மட்டும் கேட்றாதட்டி" என்று சிரித்தார்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். கையில் இருப்பது நல்லதில்லை என்று பட்டது. ஐம்பது வருடத்தில் அந்த மனுஷன் தான் சொன்ன பொய்யைத் தானே நம்பிவிட்டார். எனக்கு மறுத்த அதே இங்கிலீஷைப் பேத்தி பேசுகிறாள் என்று என்னிடமே வந்து பெருமை அடிக்கிறார்.

"சரி, வாரேன்" என்று எழுந்தார். செருப்பை மாட்டினார். வலது காலைப் படிக்கு வெளியே வைத்தார்.

"வேர் ஆர் யூ கோயிங்?" என்றேன்.

தெருவே கேட்டிருக்கும். சித்தப்பா அப்படியே நின்றார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. நாளைக்குப் பேத்தி பயணம் இருக்கிறது, இன்றைக்குக் கேட்ட வாய் என் வாய். செருப்பைக் கழற்றினார், உள்ளே வந்தார், அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு வாய் தண்ணி குடுட்டி" என்றார்.

"அன்னிக்கு எங்க போனிய சித்தப்பா?"

"இப்ப எதுக்குட்டி அது? தண்ணி குடு, நேரமாகுது."

"எங்க போனிய?"

ஆட்டோக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார். சித்தப்பா முழங்காலைத் தடவினார். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல எறங்கிட்டேன்" என்றார். "மேல போக காலு வரல. அம்புட்டுப் பேரு முன்னால தோத்துட்டு அண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு இருந்துச்சு. ரெண்டு நாளும் தேரடியிலதான் கெடந்தேன்."

"டீச்சர் வந்து சொன்னப்ப நீங்க ஆமான்னு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம்லா?"

"எப்படிட்டி சொல்ல? அண்ணன் அடிச்சிருப்பாரு."

"என்னைய அடிச்சாரு சித்தப்பா."

அவர் தண்ணீர் கேனைப் பார்த்தார். அது அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருந்தது, டம்ளர் மேலே கவிழ்த்து வைத்திருந்தது. வீட்டு ஆள் கையால் வாங்கிக் குடிக்காமல் அவரால் படி இறங்க முடியாது. அந்த வீட்டில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. ஆட்டோக்காரர் மறுபடி ஹாரன் அடித்தார்.

நான் எழுந்திருக்கவில்லை.